எதிர் மரை

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைத் தொட்டிக்கடியில் குழாய் ஒழுகுகிறது. "பார்க்கிறேன்" என்று நான் சொல்லி இன்றோடு ஒன்பது நாள்.

ஆய்வுக்கூடத்தில் அதைவிடப் பெரிய ஒழுகல். புரதச் சங்கிலி ஒன்று சுருளாக நிற்கும்போது எப்படியெல்லாம் அதிரும் என்று நான் கணக்குப் போடுகிறேன். அதே சங்கிலியை மெல்லிய படலமாக்கி, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, மெய்யாகவே எப்படி அதிர்கிறது என்று அளப்பவள் என் மனைவி. ஒரு குறிப்பிட்ட அதிர்வுக்கு அவள் எண் 375. என் எண் 412. ஏன் இந்த வித்தியாசம் என்று கூட்டத்தில் ஆய்வுக்குழுத் தலைவர் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "படலத்துல ஈரம் இருக்கும் சார்" என்றேன். எட்டுப் பேர் எதிரில்.

மார்ச் 4

பேச்சு இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: 375. மறுபடி உலர்த்தி அளந்திருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

தலைவர் கெடு வைத்துவிட்டார். "அடுத்த வெள்ளிக்குள்ள ரெண்டு பேரும் ஒரே எண்ணோட வாங்க. இல்லைன்னா கட்டுரை ஒருத்தர் பேர்லதான் போகும்." கல்யாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் சேர்ந்து எழுதும் முதல் கட்டுரை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு மரை ஏதாவது கழண்டிருக்கா?" மூன்று நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

சமாதானம் பேச ஸ்பானரோடு தொட்டிக்கடியில் நுழைந்தேன். நான் இடக்கைக்காரன். மல்லாந்து படுத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். இப்போது ஒழுகவில்லை. பீய்ச்சுகிறது.

மார்ச் 9

இரண்டாவது சீட்டு. 375. அதற்கடியில்: "வாளியை மாத்துங்க."

மார்ச் 10, செவ்வாய்

குழாய்க்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இறுக்குறேன்னு கழட்டி விட்டிருக்கீங்க சார்." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

கிளம்பும்போது மேசையில் கிடந்த என் செப்புக்கம்பிச் சுருளை எடுத்து உருட்டிப் பார்த்தார். புரதச் சங்கிலிக்கு மாதிரியாக, பேனாவில் சுற்றி நானே செய்தது. "இது எதிர் மரையாச்சே, இடப்பக்கமா சுத்துதே. எந்த மெஷினுக்கு சார்?"

"மெஷினுக்கு இல்லைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சுருளை வாங்கி மறுபடி பார்த்தேன்.

அதைப் பார்த்துத்தானே கணக்கில் சுற்றும் திசைக்குக் குறி போட்டேன்? எங்கள் சங்கிலி வலப்பக்கமாகச் சுற்றி நிற்பது. நான் இடப்பக்கம் சுற்றியிருக்கிறேன். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் அமைப்பையும் சேர்த்துத் திருப்பியிருந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகியிருக்கும், எண் அப்படியே சரியாக வந்திருக்கும், ஒரு ஈ காக்காவுக்கும் தெரிந்திருக்காது. சுருளை மட்டும் திருப்பிவிட்டுக் கண்ணிகளை அப்படியே விட்டுவிட்டேன். ஈரமாம், ஈரம்.

மார்ச் 11

ஒரே ஒரு கழித்தல் குறியை எடுத்தேன். அளவையில் ஒன்றிரண்டு பிழை இருக்கும், அதற்குள் வந்துவிட்டது: 376.

"கணக்கைச் செம்மைப்படுத்தினோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா? அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னால்? ஆனா ஈரம்னு தனியாவா சொன்னேன்?

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

எட்டுப் பேர் எதிரில் சொன்னதை அதே எட்டுப் பேர் எதிரில் திரும்ப வாங்கிக்கொண்டேன். செப்புச் சுருளை மேசையில் வைத்தேன். "படலத்துல ஈரம் இல்ல சார். என் சுருள்தான் தப்பான பக்கம் சுத்துது. அவங்க அளந்தது முதல் நாளே சரி."

"கண்டுபிடிச்சது யாரு?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுக் குழாய்க்காரர்."

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மார்ச் 29, ஞாயிறு

கட்டுரை போய்விட்டது. அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. நான்தான் அப்படிக் கேட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் குழாய்க்காரரைச் சேர்த்தது அவள். குழாய் சொட்டவில்லை. ஸ்பானரைத்தான் காணோம், எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

காலையில் பால் எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் பழைய சீட்டுகள் இல்லை. புதிதாக ஒன்று: 376.

என் எண். அவள் கையெழுத்து.