உன் வீட்டு மரத்து ஒட்டுக்கன்று

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் விரலில் மாம்பால் வாசம் போகவில்லை, அம்மணி. காலையில் உன் மகள் வந்திருந்தாள். அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மாமரத்தடியில் நின்று, பேச்சினூடே ஒரு கிளையை முறித்துவிட்டேன். அந்த வாசம்தான். நீ போய் இரண்டு மாம்பழக் காலம் ஆயிற்று. உன்னிடம் சொல்லாமல் விட்டதை அவளிடம் சொன்னேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் நாம், பக்கத்துப் பக்கத்து வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததும் உன் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசியப் பழம் பாடம் வந்துவிடும். புத்தகத்தில் அதே மஞ்சள் படம். நீ போத்தனூர் வீட்டு மரத்தின் கடைசிப் பழங்களைக் கூடையில் கொண்டுவந்து அறுத்துக் கொடுப்பாய். முழங்கை வரை சாறு ஒழுகப் பிள்ளைகள் நக்கிக்கொண்டு நிற்கும். "இது என்ன டீச்சர், பாடமா பந்தியா?" என்று நான் கேட்டால், "படத்தைப் பாத்தா மார்க்கு வருமுங்க்கா. தின்னாத்தான் மறக்காது" என்பாய்.

உன் அத்தா வைத்த மரம். ரகத்துக்குப் பெயர்கூடத் தெரியாது. ரம்ஜான் நோன்பு கோடையில் வந்த வருடங்களில் உங்கள் வீட்டில் நோன்பு திறக்க அந்தப் பழம். எங்கள் வீட்டுச் சீர், விசேஷம் எதுவானாலும் தோரணத்துக்கு மாவிலை அங்கிருந்துதான். சாக்கு நிறைய ஒடித்து, பஸ்ஸில் அன்னூர் வரை நீயே தூக்கி வருவாய்.

எனக்கென்று அந்த மரத்தில் ஒரு ஒட்டுக் கட்டினாய். தொட்டியிலிருந்த காட்டு மாங்கன்றைக் கிளையோடு சேர்த்து, இரண்டின் பட்டையையும் சீவி இறுக்கிக் கட்டி, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினாய். கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "கட்டுக்குக் கீழ துளுத்தா கிள்ளிப்போடோணுங்க்கா. பாவம் பாக்காதீங்க. இல்லீனா மேல இருக்கறது செத்துப்போயிரும்."

நான் பாவம் பார்த்தேன். பாவம்கூட இல்லை, பெருமை. கீழே தளதளவென்று துளிர் வந்ததும், எங்கள் மண்ணுக்கு எப்படிப் பிடித்துக்கொண்டது பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். அறிவியல் பாடம் நடத்திய வாய் இது! இரண்டு மழைக்குள் கீழ்த்துளிர் கிளையாகிவிட்டது. உன் ஒட்டு சுண்டி, குச்சியாய்க் காய்ந்து, ஒருநாள் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பிறகு காய்த்ததெல்லாம் நாரும் புளிப்பும்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நீ திட்டியிருப்பாய், திட்டிவிட்டு இன்னொன்று கட்டியிருப்பாய். எனக்கு வெட்கம்.

அப்புறம் உன் ஃபோன் வந்தது. "அக்கா, வீட்டை வித்துப்போட்டோமுங்க. வாங்கினவங்க மரத்தை வெட்டப்போறாங்க. மூணு மாசம் டைம் கேட்டிருக்கறேன். உங்க கன்னு நல்லா இருக்குதுங்ளா? இல்லீனா சொல்லுங்க, இன்னொண்ணு கட்டி வெச்சுப்போடறேன்."

"ஜம்முனு இருக்குது அம்மணி. நீ எதுக்குச் சிரமப்படறே?" என்றேன்.

நீ ஒட்டுக் கட்டவில்லை. மரத்தை வெட்டிவிட்டார்கள்.

நீ படுக்கையில் விழுந்த வருடம், என் தோட்டத்தில் காய்க்கும் நம்ம மரத்துப் பழம் ஒன்று வேண்டும் என்றாய். நான் மார்க்கெட்டில் இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கினேன். பழத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து, பிசினை எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். நம்பட்டும் என்று என் புளிப்பு மரத்து இலை நாலைந்தைப் பையில் போட்டேன். இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ! நீ கண்ணை மூடிக்கொண்டு தின்றாய். "அத்தா மரம் அப்படியே இருக்குதுங்க்கா" என்றாய். கொட்டையைக் கழுவித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாய். அதை எதற்கு வைத்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

இன்று தெரிந்தது. உன் மகள் ஒரு தொட்டிச் செடியோடு வந்தாள். "அம்மா கடைசியாத் தின்ன பழத்துக் கொட்டைங்க பெரியம்மா. அவங்களே போட்டு வளத்துனது. கொட்டைச் செடியில அதே பழம் வராது, பெரியம்மா தோட்டத்து மரத்துல ஒட்டுக் கட்டிக்கோன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

மரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இந்தச் செடி எதுங்க?" என்றாள்.

"மார்க்கெட் பழம், கண்ணு."

"ஆஸ்பத்திரியில இருந்துகூட ஃபோன் போட்டு, செடிக்குத் தண்ணி ஊத்துனியான்னு கேட்டாங்க" என்றாள். தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைத்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எப்போதும் வேலிப் படலைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்து, "வாரேனுங்க பெரியம்மா" என்பாள். இன்று சொல்லவில்லை. ஊற்றி வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கிறது.

கோபிப்பாளோ மன்னிப்பாளோ, அது அவள் பாடு. எனக்கு உன் அந்த ஃபோன் குரல்தான் காதை விட்டுப் போகவில்லை. மாமரத்தைத் தாண்டும்போதெல்லாம் நீ அதையே கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொல்கிறேன், அம்மணி: கன்னு செத்துப்போச்சு. என் தப்புத்தான். வெட்டறதுக்கு முன்னால இன்னொண்ணு கட்டி வெச்சுப்போடு.