தர்சினிக்குப் போர்த்திய பொன்னாடை

ஜூன் 9, திங்கள்

விடிய முதலே சோளகக் காற்று. சைக்கிள் முன்சில்லில் காற்றில்லை. தாய்மாரை வீடு வீடாகப் பார்க்கப் போனது நடைதான்.

அலுவலகத்திலிருந்து தொலைபேசி. வயிற்றில் பிள்ளையை இழந்த பெற்றோரை எப்படி ஆற்றுப்படுத்துவது என்று தாதிமாருக்கும், எங்களைப் போன்ற குடும்பநல மாதுக்களுக்கும் பயிற்சி. எங்கள் நெடுந்தீவில் வைப்பதாகச் சொன்னது, இப்போது பட்டணத்திலாம். கடல் குழப்பமாம், பயிற்சி தரும் வளவாளர்கள் வரமாட்டார்களாம். அதே கடலில் நாங்கள் மட்டும் போகலாம்!

அனுபவம் சொல்ல ஒரு தாயையும் கூட்டி வரட்டாம். தர்சினியிடம் போனேன். மாசியில், எட்டாம் மாதத்தில், வயிற்றிலேயே பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரி வாட்டு மிஸ்ஸிமாரும் வருவினமோ?"

"ஓம், வருவினம்."

"அப்ப வாறன் மிஸ்ஸி. அவைக்கு நேர சொல்லவேணும்."

ஜூன் 11, புதன்

படகில் தர்சினி சத்தி எடுத்தாள். புருஷன் ஜெகன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தான். குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ். அவளுக்குத் தேத்தண்ணி வேண்டாமாம், சொல்ல நினைத்தது மறந்துபோகுமாம். வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி.

அழைப்பு தாய்க்கு மட்டும் என்று ஜெகனை வாசலிலேயே இருத்திவிட்டார்கள். தகப்பனுக்கென்ன, நெஞ்சு கல்லா?

மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. செத்த பிள்ளைகளைப் பற்றிய கூட்டத்தில் வரவேற்பு நடனம் வேறு! பிறகு திரையில் எழுத்து: "பெற்றோர் சொல்வதைச் செவிமடுங்கள்." அதை வாசித்தவர் தர்சினி இருந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முன் கதிரையில் தர்சினி கிடந்த வாட்டின் சிஸ்டர், கையில் தொலைபேசி.

சாப்பாட்டுக்கு முன் தர்சினியின் முறை. மைக்கில் அறிவிப்பு: "நேரமின்மை காரணமாகச் சகோதரியின் உரைக்குப் பதிலாக, அவரைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்போம்."

கௌரவமாம்! எதற்கு? பிள்ளை செத்ததற்கா? சிவப்பில் சரிகை போட்டது. போர்த்தி, கை தட்டி, படமும் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரியுங்கோ அக்கா" என்றான் படம் எடுத்தவன். அவன் கமராவைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எழும்பி, "அவவைக் கதைக்க விடுங்கோ" என்று கத்தினேன்.

"சாப்பாடு ஆறுது மிஸ்" என்று மைக்கிலேயே பதில்.

சாப்பாட்டு வரிசையில் தர்சினி நேரே அந்தச் சிஸ்டரிடம் போனாள். நான் பின்னால். குரலை உயர்த்தவே இல்லை.

"சிஸ்டர், அண்டைக்கு என்ர பிள்ளையைச் சுத்த ஒரு துணி கேட்டனான். இல்லையெண்டு சொப்பிங் பையில போட்டுத் தந்தனீங்கள். இந்தாங்கோ துணி. இனி வாற பிள்ளைக்கு வைச்சிருங்கோ."

பொன்னாடையை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். சிஸ்டர் புரியாணிப் பெட்டியோடு நின்றார். நல்லா வேணும். நாங்கள் சாப்பிடவில்லை.

பிள்ளையைப் பையில் கொடுத்தார்கள் என்று இன்றுதான் எனக்கே தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம். "பயிற்சி இனிதே நிறைவு." கீழே பூக்கள், கூப்பிய கைகள். படத்தில் தர்சினி கண்ணை மூடியிருக்கிறாள். அழிக்கச் சொல்லி எழுதினேன். திரும்பவும் எழுதினேன். பின்னேரம் குழுவிலிருந்து என்னையே நீக்கிவிட்டார்கள். வெட்கம் கெட்ட கூட்டம்.

ஜூன் 17, செவ்வாய்

காற்றுக் குறைவு. தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் வரவில்லை. சைக்கிள் சரி.

மத்தியானம் அந்தச் சிஸ்டரின் அழைப்பு. சண்டைக்கென்றே நினைத்தேன். நானும் விடுவதாக இல்லை.

"மிஸ், வாட்டில விடிய ஒரு பிள்ளை இறந்து பிறந்தது. சுத்திக் குடுக்க அந்தப் பொன்னாடையை எடுத்தனான். சரிகை கரகரக்குது. பிள்ளைக்குக் குத்தும் எண்டு திரும்ப வைச்சிட்டன். நான் உடுத்து வந்த பருத்திச் சேலையைக் கிழிச்சுத்தான் சுத்தினனான்."

பிறகு அவரே கேட்டார்:

"தர்சினிட்டைச் சொல்லுவீரே?"

"நீங்களே சொல்லுங்கோ" என்று அவளுடைய நம்பரைக் கொடுத்தேன்.