பெரியம்மா என்று நீர் சொன்னது

உம்முடைய அலுமாரியை இன்றைக்குத்தான் திறந்தேன். மகள் கேட்டிருந்த பருத்திச் சேலையை எடுத்து உதறியபோது என் விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டது. நகத்தைவிடச் சற்றே பெரிய, கண்ணாடி போன்ற ஒரு துண்டு. தோலில் ஒட்டுகிற உம்முடைய ஓமோன் மருந்துப் பிளாஸ்டர். இடுப்பிலிருந்து கழன்று சேலையோடு போய்விட்டது போலும். அது தொலைந்த அன்று கட்டிலுக்கடியில் ரோச் லைற் அடித்துத் தேடினீர். "ஒரு பிளாஸ்டருக்கு இவ்வளவு ஆரவாரமோ?" என்றேன். "இது கிடைக்க எத்தினை நாள் அலைஞ்சன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றீர்.

தெரியும். அந்த அலைச்சலுக்கு யார் காரணம் என்பதும் தெரியும். அதை நான் உம்மிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மாதவிடாய் நின்று ஓராண்டு இருக்கும், நீர் உறக்கத்தை முற்றாக இழந்திருந்தீர். கமநல நிலையத்தில் கமக்காரர் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, பேசிக்கொண்டிருந்த சொல் மறந்து நிற்பீராம். "மிஸ்ஸுக்குக் காய்ச்சலோ?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து, "மேலெல்லாம் நெருப்பா எரியுது. இனி ஏலாது. வேலையை விடப்போறன்" என்றீர். விவசாய உத்தியோகத்தராக முப்பது வருடம் வயல் வரம்பு வரம்பாக நடந்து திரிந்தவர் நீர். அந்த வேலையை விட்டால் உம்மில் என்ன மிஞ்சும் என்று நான் பயந்தது உண்மை.

கனடாவிலிருக்கும் உம்முடைய தங்கைதான் பிளாஸ்டரைப் பற்றிச் சொன்னவள். தோலில் ஒட்டினால் போதும், ஒரு மாதத்தில் நித்திரை வந்துவிட்டது என்றாள். நீர் கொப்பியில் அதன் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனீர். நானும் வந்தேன். கூட்டிக்கொண்டு போனேன் என்றுதான் அப்போது ஊரில் சொல்லித் திரிந்தேன்.

உள்ளே இருந்தவர் இளம் சிங்கள டொக்டர். ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கில ஆசிரியன். அதிபர் பதவிக்குத் தகுதியிருந்தும் வலயக் கல்வி அலுவலகம் இரண்டு தடவை ஒதுக்கிவிட்டவன். என் ஆங்கிலத்தைக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். நீர் வாய் திறக்கும் முன்னமே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்ததா என்று அவர் கேட்க, நான் உம்மைப் பார்த்தேன்.

"பெரியம்மாவுக்கு இருந்தது" என்றீர், கொப்பியால் முகத்துக்கு விசிறியபடி.

இவருடைய தாயின் மூத்த சகோதரிக்கு இருந்தது என்று நான் ஆங்கிலத்தில் திருத்தமாகச் சொன்னேன். வெறுமனே ஆன்ட் என்று சொல்லியிருந்தால் எந்தப் பக்கத்து ஆன்ட் என்று அவர் கேட்டிருப்பார். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. டொக்டர் அதைக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு கால் மணித்தியாலம் எனக்கு விளக்கினார். இரத்த உறவில் இருந்தால் யோசிக்க வேண்டும், இப்போதைக்கு ஓமோன் வேண்டாம், வேறு குளிசை தருகிறேன் என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டீர்.

"உமக்கு ஆபத்தாம். தர ஏலாதாம்" என்றேன்.

கால் மணித்தியாலப் பேச்சு உமக்கு நான்கே சொல்லாக வந்து சேர்ந்தது. அவர் தந்த குளிசையை விழுங்கிப் பகலிலும் தூங்கி வழிந்தீர். எரிவு மட்டும் குறையவில்லை. அதன்பிறகு போன இடமெல்லாம் கிளினிக் கொப்பியைப் புரட்டி, அந்த ஒரு வரியில் விரலை வைத்து, தலையை ஆட்டி அனுப்பினார்கள். மூன்று வருடம். அந்த இளம் டொக்டரை நான் திட்டாத நாளில்லை. தமிழ்ச் சனத்தின் வருத்தம் அவனுக்கு எங்கே விளங்கும் என்று நண்பர்களிடம் சொன்னேன். சுகாதாரத் திணைக்களத்துக்கு இரண்டு பக்க முறைப்பாடும் எழுதி அனுப்பினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத முறைப்பாடு.

கடைசியாக வவுனியாவில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். அவவும் சிங்களவர்தான். கொப்பியை வாசித்து, என்னை விட்டுவிட்டு, உம்மைப் பார்த்து எளிய ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டா: உங்கள் அம்மாவின் அக்காவுக்கு எத்தனை வயதில் வந்தது?

நீர் நிமிர்ந்தீர். "என்ர அம்மாவுக்கு அக்காவே இல்லையே. அம்மாதான் மூத்தவா" என்று என்னிடம் சொன்னீர்.

"நீர்தானே பெரியம்மா எண்டனீர்?"

"அவா பெரியப்பான்ர மனிசியப்பா! எனக்கும் அவாவுக்கும் என்ன இரத்தச் சொந்தம்?"

இருபத்தாறு வருடக் குடித்தனம். உம்மைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவா என்று நீர் எத்தனையோ முறை சொன்ன பெரியம்மா எந்தப் பக்கத்தவர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீர் கோபிக்கவில்லை.

"நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. நான் கதைக்கிறன்."

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. கமநல நிலையப் பயிற்சிகளில் பொறுக்கிய சிங்களமும் உடைந்த ஆங்கிலமுமாக நீர் பேசுவது கேட்டது. இடையில் டொக்டர் சிரித்தா. பிறகு நீர் சிரித்தீர். மூன்று வருடமாக நான் கேட்காத சிரிப்பு. அரை மணித்தியாலம் கழித்து, பரிசோதனைகளுக்கு எழுதிய ஒரு துண்டும், அவை சரிவந்தால் பிளாஸ்டருக்கும் கூடவே ஒரு குளிசைக்கும் எழுதித் தருவதாக ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தீர்.

வீட்டுக்கு வரும் பஸ் ஓமந்தை தாண்டிப் புளியங்குளத்தில் திரும்பும்போது, "இங்கிலீஸ் மாஸ்டர், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் படிப்பிக்கிறியளோ?" என்றீர். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று மொழிகளிலும் அறிந்தவன், ஒன்றிலும் சொல்லவில்லை.

பரிசோதனைகள் சரிவந்தன. மருந்துத் துண்டும் கிடைத்தது. பிறகும் பாமசிகளில் அலைந்தோம். ஒரு கடையில் முதுகு நோவுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை எடுத்து நீட்டினார்கள். "இதை ஒட்டினா இவருக்கு முதுகெலும்பு வருமோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டீர். கடைக்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். கொழும்பிலிருந்து ஒருவாறு எடுப்பித்தோம். ஒன்றரை மாதத்தில் நித்திரை திரும்பியது. வேலையை விடுவதாக எழுதிவைத்திருந்த கடிதத்தைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டீர். அந்தக் காலபோக நெற்செய்கையில் ஒரு கூட்டத்தையும் நீர் தவறவிடவில்லை.

அதே வயல்களிலிருந்துதான் எலிக்காய்ச்சலும் வந்தது. ஐந்து நாள். செத்தவீட்டில் என் தமக்கை, "உந்த ஓமோன்தான் ஆளைக் கொண்டுபோட்டுது" என்றா. டொக்டர்கள் இல்லையென்று சொன்னதை நான் சொல்லியும் கேட்கவில்லை. அவவோடு இன்றுவரை பேச்சில்லை. இனியும் பேசமாட்டேன். வலயக் கல்வி அலுவலகத்தையும் மன்னிக்கவில்லை. நான் அப்படியேதான் இருக்கிறேன். அந்த இளம் டொக்டரை மட்டும் விட்டுவிட்டேன். அவர், நான் சொன்னதைத்தான் எழுதினார்.

அன்றைக்குப் பஸ்ஸில், உள்ளே என்னத்துக்குச் சிரித்தனீர் என்று கேட்டேன். "அது எங்கட கதை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர். எனக்கு எதிராகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் ஆண்டுக்கணக்காக மறக்காமல் வைத்திருப்பவன் நான். ஆனால் நீர் போனபின் என்னோடு இருப்பது, அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு. அதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. நான் இல்லாத இடத்தில், உம்முடைய உடம்பைப் பற்றி, உம்முடைய வாயால் நீரே சொல்லிச் சிரித்தது அது.