சும்மா இருந்த எட்டு மணி நேரம்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆபீஸில் என் மானம் கப்பலேறியது. பாலங்களுக்குப் படம் வரைந்து தரும் எங்கள் கம்பெனியில், ஒவ்வொரு மணி நேரமும் எந்த வேலை பார்த்தோம் என்று எழுதித் தர வேண்டும். மூன்று வாரமாக எனக்கு வேலையே தரவில்லை. முந்தாநாள் கணக்கில் ‘எட்டு மணி நேரம் சும்மா இருந்தேன்’ என்று எழுதிவிட்டேன்.

மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் படித்தார்.

“அண்ணே, உண்மையை இப்படியா பச்சையா எழுதுவீங்க?” என்று பக்கத்து சீட்டு இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்; நானும் பல்லைக் காட்டினேன்.

“உங்கள என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

“எந்த வேலைன்னாலும் செய்றேன் சார்” என்றேன். பாப்பா காலேஜ் முடிக்கட்டும்.

சட்டைப் பட்டனுக்கு நூல் அனுப்பு. இந்த ஊரிலும் கிடைக்கும், ஆனாலும் அனுப்பு.

மேனேஜர் கேட்டபோது, ‘வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்’ என்பதுதான் முதலில் வாய் வரை வந்தது.