விசிறியை எடுக்காத கை

இன்று காலை உங்கள் சதங்கையைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நீங்கள் கண்ணை மூடி இத்தனை வருடமாகியும், சுற்றியிருந்த சீலைத் துண்டில் இன்னும் அரிதாரம் மணக்கிறது. அந்த மஞ்சள் பூச்சும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம் மூக்கில் ஏறியதும், கூத்து முடிந்து வந்து வாசலில் நீங்கள் கால் கழுவிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

ஏன் எடுத்தேன் என்பதற்கு முன் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத்தானே முதலில் கேட்பீர்கள். மகளின் மூத்தவன் வாத்தியார் சோதனையில் தேறி, புளியந்தீவில் படிப்பிக்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவன் கையெழுத்தைப் பார்த்தாலே நெஞ்சு நிறைகிறது. அவன் தங்கை பாட்டுப் போட்டியில் முதலாவதாக வந்து ஒரு கிண்ணம் வாங்கினாள். அதில்தான் இப்போது திருநீறு வைத்திருக்கிறேன். அடுத்தவன் உன்னிச்சை வட்டையில் தனியாக வயல் செய்து, முதல் போகத்திலேயே பெரியவர்களின் வாயை அடைத்துவிட்டான். வெல்லாவெளியில் கல்யாணம் கட்டிப்போன நம் மகனின் பிள்ளைக்கு இந்த வருடக் கூத்தில் அரசி வேடம் கொடுத்திருக்கிறார்கள். மகன் போரில் விழுந்த செய்தி கேட்கும் அரசி. உங்கள் வேடம்.

நேற்று அவன் சதங்கை கேட்டு வந்தான். கொஞ்ச நேரம் தயங்கி நின்று, இன்னொன்றும் கேட்டான்.

"அப்பாச்சி, அப்பப்பா விசிறின கையக் காட்டித் தாங்க. அங்க எல்லாரும் அதத்தான் எதிர்பாக்காங்க."



நீங்கள் அந்த வேடத்தில் அரங்கேறியபோது நம் கடைக்குட்டி போய் எட்டு மாதம். மூன்று வயதுப் பிள்ளை. காய்ச்சல் காய்ந்த நாள் முழுக்கப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தேன். மூச்சு நின்ற பிறகும் என் கை நிற்கவில்லை. அடக்கம் பண்ணிவிட்டு நீங்கள் திரும்பி வந்தபோதும் வெறும் பாயை வீசிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஊரில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பக்கத்து வீட்டு மச்சாள் கிணற்றடியில் என் காதில் விழவே சொன்னாள்: "பெத்த வயிறெண்டா இப்பிடி இருக்குமாகா?"

பிள்ளை போன இரண்டாம் மாதம், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் உங்களுக்கு அரசி வேடம் தந்தார். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல், வலை இழுத்து வந்த கையோடு ஆற்றங்கரை ஈர மணலில் ஆடிப் பழகினீர்கள். நான் நெல்லுக் குத்தும் உலக்கைதான் உங்களுக்கு மத்தளம். உலக்கை பிசகினால் நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள், கால் பிசகினால் நான் உங்களைப் பார்ப்பேன். ஓர் அடி பிசகினாலும் முதலிலிருந்து ஆடுவீர்கள். கணுக்கால் வீங்கினால் உப்புத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு இருப்பீர்கள். நோகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

உங்களுக்கு முன் அந்த வேடம் ஆடியவர் மாரில் அடித்துக்கொண்டு கூத்துக் களரியில் புரண்டு அழுவார். அரசியென்றால் அப்படித்தான் என்று ஊர் பழகிவிட்டது. நீங்களும் புரண்டீர்கள். கடைசி ஒத்திகையில் அண்ணாவியார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆட்டத்தில பிழை சொல்ல ஏலாது. ஆனா அழுறது பழைய ஆள், நீ இல்ல. இப்பிடியே போனா வேற ஆளப் பாப்பம்." அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்று பொழுதுபடும் நேரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டீர்கள்.

"புள்ள, நான் அழுறதெண்டா உன்னப் போலத்தான் அழுவன். உன்ட கைய எடுக்கட்டா?"

எழுந்து உள்ளே போய்விட்டேன். மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. என் துக்கத்தை ஊருக்குக் காட்டுவதா என்று மனம் கொதித்தது. அரங்கேற்றத்தன்று உடுப்பு மூட்டை கட்டும்போது, சீலைக்கு அடியில் அந்த விசிறியை வைத்தேன். நீங்கள் கண்டீர்கள். 

கூத்து விடிய விடிய நடந்து, உங்கள் கட்டம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டார்கள். தூதன் வந்து செய்தி சொன்னான். பெண்கள் சீலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். நீங்கள் மாரில் அடிக்கவில்லை. மெல்லக் குனிந்து, வெறும் நிலத்தை வீசத் தொடங்கினீர்கள். விசிறி மூட்டைக்குள்ளேயே கிடந்தது. வெறுங்கை.

"என்ன அரசி, நுளம்பு விரட்டுறியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் நிறுத்தவில்லை. கை வீசியபடி இருக்க, கால் மட்டும் தாளத்தை விடாமல் அடி வைத்தது. ஒரு மணிகூடப் பிசகி ஒலிக்கவில்லை. அண்ணாவியார் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மத்தளத்தைத் தணித்து உங்கள் கைக்குப் பின்னால் வாசித்தார். சிரிப்பு அடங்கிப் போயிற்று. மச்சாள் சனத்துக்குள்ளால் வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு மாதம் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

விசிறியை ஏன் எடுக்கவில்லை என்று வீட்டில் கேட்டேன். "எடுத்தா சனம் விசிறியப் பாக்கும்," என்றீர்கள். அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, "கால் அண்ணாவியார்ட, புள்ள. கை நம்மட. ரெண்டில ஒண்டு இல்லாட்டியும் நான் விழுந்திருப்பன்," என்றீர்கள்.

நேற்றுப் பேரனுக்கும் அதைத்தான் சொன்னேன். "சதங்கைய விடியக்க எடுத்துத் தாறன் மனே. கையத் தர மாட்டன். அது எங்கட புள்ளைக்கு வீசின கை."

"அப்ப நான் என்ன செய்யிற? சனம் சிரிக்குமே?"

"உங்கட அப்பப்பாக்கும் சிரிச்சதுதான்."

அவன் முகம் வாடிவிட்டது. ஆடிக் காட்டு என்றேன். என் முழங்காலுக்கு இப்போது உலக்கை பிடிக்க முடியவில்லை. இருந்தபடியே சிரட்டையால் தரையில் தட்டினேன். நல்ல கால். நடுவில் ஓர் அடி பிசகியது.  அவனாகவே நின்று, முதலிலிருந்து தொடங்கினான். பாதிப் பயம் எனக்கு அதோடு போயிற்று.

மற்றப் பாதி அவன் கையில் இருக்கிறது. அடுத்த கிழமை அரங்கேற்றம். வண்டியில் அவ்வளவு தூரம் போக என்னால் முடியாது. புளியந்தீவிலிருந்து படம் பிடிக்கிறவர் ஒருவரைக் கூட்டிப்போவதாக நம் வாத்தியார் பேரன் சொல்கிறான். வெல்லாவெளியான் சின்னப்பிள்ளையாக மடியில் இருக்கும் படம்தான் என்னிடம் உண்டு. அதனால் இந்தக் கடிதத்துக்கு முன்பே வாத்தியாருக்கு ஒரு தபாலட்டை எழுதிவிட்டேன்:

"மனே, செய்தி கேட்கும் கட்டத்தில் படம் பிடிக்கச் சொல். வெயில் ஏறட்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தெரிய வேண்டும். புதுப் படம் கிடைத்த அன்றே தபாலில் போடு."