நாடாவின் மறுமுனை

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். உன்மேல் இவ்வளவு வருத்தம் இருந்தும், நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்று காலையும் ஜெபித்தேன். நூலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று உன் சித்தி உனக்குச் சொல்லியிருப்பாள். தப்பவில்லை. நானாகத்தான் பேச்சை நிறுத்தினேன்.

பழைய கிரேக்க சோக நாடகம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். விதி, ரத்தபாசம், காலம் கடந்து வரும் அறிவு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அகந்தையை மட்டும் சீக்கிரம் முடித்துவிட்டேன், முன்வரிசையில் உன் சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாடகம் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் நடக்கப்போவது முன்பே தெரியும், அந்த வீட்டில் வாழ்கிறவருக்கு மட்டும் தெரியாது, அதுதான் கொடுமை என்றேன். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தையல்காரம்மா கைக்குட்டையை எடுத்தாள். நான் நன்றாகப் பேசுகிறவள்தான், ஆனால் கைக்குட்டை எடுக்கும் அளவுக்கு இன்னும் பேசியிருக்கவில்லை. என்ன விஷயம் என்று மேடையில் நின்றபடியே கேட்டேன். சித்திதான் எழுந்து, "அக்கா, வீடு கைமாறிப் போச்சுன்னு உன் பொண்ணு இன்னுமா சொல்லலை? நீ ஒடிஞ்சு போயிடுவேன்னுதான் நாங்க வாயைத் திறக்கலை" என்றாள். அந்த நாடகங்களில் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துப் புலம்பும் ஒரு கூட்டம் உண்டு, ஓர் அடி முன்னால் வைக்காது. அதைப் பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன். அவர்களுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அப்பா போன பிறகு வீட்டை உன் பெயருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன், நீ கேட்காமலே. அதற்காக வருந்தவில்லை. என்னை உறுத்துவது அளவெடுக்க வந்த அந்த மனிதர். சுவருக்கு வண்ணம் பூச என்று போனில் சொன்னாய். பாவம், தனியாக வந்திருக்கிறாரே என்று நாடாவின் மறுமுனையை நானே பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அப்பாவின் கட்டில் இருந்த மூலையில் நாடா சரியாகப் படியவில்லை என்று மறுபடியும் அளக்கச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்கும். காபியைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

அங்கே குளிர் அதிகம் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காப்பார், என் ஆசீர்வாதத்தில் நான் குறை வைக்கவில்லை. போனில் எதுவும் சொல்லாதே, உன் குரலைக் கேட்டால் மறுபடியும் நம்பிவிடுவேன். விற்றது உண்மையா, நான் எப்போது காலி செய்ய வேண்டும், இந்த இரண்டையும் எழுதி அனுப்பு.

உன் அம்மா