போட்டோவில் வராத வேடந்தாங்கல்

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரியாவுக்கு,

தினேஷ் எழுதுவது. இங்கே நான், வல்லி, அம்மா மூன்று பேரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்த பிறகு கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குச் சிரிப்பு வரும். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்தபா பாயின் தங்கை வகிதாவை உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் ஆசிக் இந்த வாரம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். "அண்ணிக்கு எதுனா குடுத்தனுப்பணும்னா ஒரு பையில போட்டுக் குடுங்கண்ணே" என்று அவராகவே கேட்டார். நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மா அரைத்த குழம்பு மிளகாய்த்தூளும் பையில் இருக்கின்றன. அடியில் இந்தக் கடிதம். போனில் பேசும்போது வல்லி என் தோளில் தொங்குகிறாள். அம்மா சமையல்கட்டிலிருந்து காதை இங்கேயே வைத்திருக்கிறார். உன் பக்கத்திலும் யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். சில விஷயங்கள் அதற்குள் அடங்கவில்லை.

சம்பா அறுவடை முடிந்தது. மார்கழி மழையில் கீழ்க்கழனி கொஞ்சம் சாய்ந்துவிட்டது, மற்றபடி குறை சொல்வதற்கில்லை. நவரைப் பட்டத்துக்கு நட்டாகிவிட்டது. வல்லியின் முன்பல் விழுந்ததைப் போனில் காட்டினாள் அல்லவா, புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. அதை இன்னும் உன்னிடம் சொல்லவில்லையாம். நீயே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

அவள் பள்ளிக்கூடத்தில் 'நம் வட்டாரம்' என்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கும் இடங்களை நேரில் பார்த்துப் படம் ஒட்டி எழுத வேண்டும். அதனால்தான் இந்தத் தை மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஊர் சுற்றியது. போட்டோவெல்லாம் உனக்கு அனுப்பினேன். நீயும் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டு அனுப்பினாய். கல்யாணமான புதிதில் நீயும் நானும் வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசிவைத்த இடங்கள்தான் எல்லாமே. முதலில் வல்லி வயிற்றில் வந்தாள், பிறகு உன் பரீட்சை வந்தது, அப்புறம் மஸ்கட் வந்தது. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் போட்டோவில் வராதது நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் வாரம் நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிற சுவர்தானே என்று நான் அசட்டையாகத்தான் போனேன். சுவர் முழுக்க எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். எனக்குத் தெரிந்ததை வல்லிக்குச் சொன்னேன். ஏன் பையன், பொண்ணு எடுத்தால் ஆகாதா என்று கேட்டாள். அந்தக் காலத்தில் அப்படி என்றேன். கொஞ்ச நேரம் சுவரையே தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஊர்ல இல்லாதவங்க பேரையும் குடத்துல போடுவாங்களாப்பா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை பிரியா.

அடுத்த வாரம் காஞ்சிபுரம். காலையில் மியூசியம் போனோம். கல் சிலைகள், பழைய பானைகள், காசுகள். கண்ணாடிப் பெட்டியில் முகத்தை அழுத்தி அழுத்தி மூச்சுப் பட்டுப் பனிபோல் ஆக்கிவிட்டாள். அங்கே காவலுக்கு இருந்த அம்மா திட்டவில்லை. துணியை அவள் கையில் கொடுத்து, "நீயே தொடைச்சிடு கண்ணு" என்று மட்டும் சொன்னார். வல்லிக்கு அந்த வேலைதான் மியூசியத்திலேயே ரொம்பப் பிடித்தது.

அங்கிருந்து கைலாசநாதர் கோயில். வெளியே நல்ல புல்தரை, மர நிழல். இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். மதிலை ஒட்டிச் சுற்றிலும் சின்னச் சின்ன மாடங்கள், ஒரு ஆள் குனிந்து உட்காருகிற அளவுக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து புகுந்து வெளியே வந்தாள். ஒரு மாடத்துக்குள் போனவள் வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்க, நடுவில் குழந்தையாக முருகன். வண்ணமெல்லாம் உதிர்ந்து அங்கங்கே கொஞ்சம்தான் மிச்சம். வல்லி அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "இவன் எப்பவுமே நடுவுலயே கீறான்" என்றாள். உன் அம்மா கேட்டால் திட்டுவார் என்று பள்ளிக்கூடத் தமிழ் பேசப் பழக்கிவைத்திருக்கிறேன், ஆனால் மனசுக்குள்ளிருந்து வருவது நம் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது. போகலாமா என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். நானும் வெளியே நின்றேன். அந்த மாடத்தின் போட்டோ உனக்கு வரவில்லை. எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

மூன்றாவதுதான் வேடந்தாங்கல். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

விடியற்காலையில் கிளம்பினோம். பனியில் வல்லிக்கு உன் பழைய ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன், முழங்கால்வரை வந்தது. ஏரியில் தண்ணீர் நன்றாக இருந்தது. நீருக்குள் நிற்கிற மரமெல்லாம் பறவை. நாரையும் கூழைக்கடாவுமாக ஒரே கூச்சல். பறவை பார்க்கிற கோபுரத்தின் மேல் ஏறி நின்றோம். எங்களிடம் பைனாகுலர் கிடையாது. பக்கத்தில் மதுராந்தகத்திலிருந்து ஒரு டீச்சர் தனியாக வந்திருந்தார், பெயர் கீதா. தன்னுடையதைக் கழற்றி வல்லி கழுத்தில் மாட்டிவிட்டார். எது அம்மாப் பறவை, எது அப்பாப் பறவை என்று இவள் கேட்டாள். பார்த்தால் தெரியாது, இரண்டும் மாறி மாறிக் கூட்டில் உட்காரும், மாறி மாறி இரை தேடப் போகும் என்று அவர் சொன்னார். அதன் பிறகு வல்லி அவரை விடவில்லை. கரை நெடுக அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஜடை அவிழ்ந்து தொங்கியது. நான் பின்னுகிற ஜடையின் லட்சணம் உனக்குத் தெரியும். அவர் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து இறுக்கிப் பின்னிவிட்டார். நான் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வெளியே வந்ததும் இளநீர்க் கடை. கடைக்கார அம்மா வல்லிக்கு ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டு, "உங்கம்மாவுக்கும் ஒண்ணு வெட்டட்டா பாப்பா?" என்று டீச்சரைக் காட்டிக் கேட்டார். வல்லி என்னைப் பார்க்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு "ம், வெட்டுங்க" என்றாள்.

டீச்சர் சொல்லட்டும் என்றுகூட நான் விடவில்லை. நான்தான் பேசினேன். எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று இன்னும் புரியவில்லை. "இவங்க டீச்சருங்க. இவ அம்மா மஸ்கட்ல நர்ஸா இருக்காங்க" என்று கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வல்லி இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் போய் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

டீச்சர் போகும்போது என்னிடம், "குழந்தையக் கோச்சுக்காதீங்க சார்" என்றார். "நான் ஏங்க கோச்சுக்கப்போறேன்" என்றேன். அவர் வல்லியிடம் போய்த் தலையைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வல்லி வழக்கமாக வண்டியில் என் முதுகில் எழுத்து எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்வாள். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மேல் படாமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள். வாசலில் இறங்கியதும்தான் வாயைத் திறந்தாள்.

"நீ ஏம்பா சொன்ன? நான் கொஞ்ச நேரத்துக்குத்தான சொன்னேன்."

அன்று சாயந்திரம் நீ போன் செய்தபோது பறவையைப் பற்றியே பேசினாள், கவனித்தாயா? கூழைக்கடாவின் அலகு எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினாள். போனை வைத்த பிறகு என்னிடம் வந்து, "அம்மாகிட்ட சொல்லிடாத, அழுவும்" என்றாள். சரி என்றேன். இப்போது சொல்லிவிட்டேன். அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

இதைப் படித்து நீ உன்னையே நொந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். அதற்காக எழுதவில்லை. வல்லி உன்னை மறந்துவிட்டாள் என்றும் நினைக்காதே. மறந்திருந்தால் அந்தக் கேள்விக்குச் சும்மா இல்லையென்று சொல்லிவிட்டு இளநீரைக் குடித்திருப்பாள்.

இந்த ஊர் நர்சிங் ஹோமில் உன்னை எப்படி நடத்தினார்கள் என்று நான் பார்த்தவன். இப்போது நீ ஐ.சி.யூ.வில் ஒரு ஷிப்டையே தனியாகப் பார்க்கிறாய். கண் விழித்த நோயாளி முதலில் உன் பேரைத்தான் கேட்டார் என்று சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று நீ கேட்டபோது "உன் இஷ்டம்" என்றேன். அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதோ வல்லி எழுந்துவிட்டாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

வெள்ளிக்கிழமை.

ஆசிக்கின் பயணம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. நல்லதாகப் போயிற்று. இந்த நாட்களில் சில காரியங்கள் நடந்திருக்கின்றன.

திங்கட்கிழமை அம்மாவிடம் வேடந்தாங்கலில் நடந்ததைச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அவ அங்க, நீ இங்க. கொயந்த நடுவுல தவிக்குது. நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற நைனா? அவளால வர முடியலன்னா நீ போயேன்" என்றார். நிலம் இருக்கிறதே என்றேன். "நெலம் இன்னா எய்ந்தா ஓடிடப்போவுது?" என்றார். தான் காவாந்தண்டலத்தில் என் அக்கா வீட்டில் இருந்துகொள்வதாகவும், அவளும் ரொம்ப நாளாகக் கூப்பிடுவதாகவும் அவரே சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால், நீ எப்போது வருவாய் என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் வரட்டுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கழனியை விட்டு நான் ஒரு வாரம் வெளியூரில் தங்கியதில்லை.

பக்கத்துக் கழனி சடையப்பன் அண்ணனைப் பார்த்துப் பேசினேன். நவரை அறுத்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரப்பில் இருக்கிற இரண்டு தென்னையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டேன். அவர் கவனிக்காதது போல் பீடி பற்றவைத்துக்கொண்டார். எனக்கும் வல்லிக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எதற்கு போட்டோ எடுக்கிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை. ஸ்கூலுக்கு என்று நினைத்துச் சிரிக்காமல் விறைப்பாக நின்றாள்.

ஆசிக்கிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டேன். அங்கேயும் பழைய கோட்டையும் மியூசியமும் கடற்கரைத் தோட்டமும் இருக்கிறதாம். அண்ணி எங்கேயாவது போயிருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ எப்போதும் ஆஸ்பத்திரியும் ரூமும் மட்டும்தானே காட்டுகிறாய்.

நீ கேட்டுச் சொல்ல வேண்டியது இதுதான். குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள ஆஸ்பத்திரியில் வழி இருக்கிறதா, இந்திய ஸ்கூலில் வல்லிக்கு இடம் கிடைக்குமா, நாம் மூன்று பேர் இருக்க ஒரு அறை போதுமா. எனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று நீ கவலைப்படாதே. கடையில் மூட்டை தூக்குவேன், வண்டி ஓட்டுவேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் நீ வருகிற நேரத்துக்குச் சோறு வடித்து வைப்பேன். இப்போது ரசம் நன்றாக வருகிறது, வல்லியைக் கேட்டுப் பார்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் நான் வருத்தப்படக் கூடாது என்று நீ உடனே சரி சொல்லிவிடுவாய். இல்லையென்றால் உடனே அழுவாய். எனக்கு இரண்டும் வேண்டாம். டியூட்டி இல்லாத நாளில் தனியாக உட்கார்ந்து இன்னொரு முறை படி. உனக்கு அங்கே அலுத்துப் போயிருக்கிறது, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று தோன்றினாலும் எனக்குச் சம்மதம். சடையப்பன் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் தேறி எழுந்து வீட்டுக்குப் போகட்டும். உனக்குக் காலில் வலி இல்லாமல் இருக்கட்டும். அந்த ஊர் வெயில் உன்னைக் கொஞ்சம் பார்த்து நடத்தட்டும்.

வாங்க என்று சொன்னாலும் சரி, வரேன் என்று சொன்னாலும் சரி, பிரியா. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
தினேஷ்குமார்.